அடையாறில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்

எனக்கு மயிலாப்பூரில் கச்சேரி கிடைத்ததற்கு என் குரல் காரணமில்லை. எனக்கு ரவுட்டர் வேலை தெரியும், அதுதான் காரணம். இதை வேறு யாராவது உங்களிடம் வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். பகலில் தி.நகரில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்த கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினியர், சாயங்காலத்தில் பாட்டு என்று என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருஷமும் சபா சபாவாக என் காசெட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "கேட்டுட்டுச் சொல்றோம்" என்பார்கள். ஒரு சபாவில் திருப்பிக் கொடுத்த காசெட்டின் மேல் கண்ணாடித் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. கம்பெனியில் என்னைப் பூனாவுக்கு மாற்றத் துடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த மார்கழி சீசனில் ஒரு மேடை கிடைத்தால் இங்கேயே இருப்பேன், இல்லையென்றால் பாட்டை மூட்டை கட்டிவிட்டுப் பூனா போவேன் என்று வீட்டில் அறிவித்தேன். மறுநாளே அம்மா எனக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவு நம்பிக்கை.

அப்போதுதான் ஸ்ரீ சாரதா விநோதினி சபாவின் காரியதரிசி சுவாமிநாதன் மாமா கூப்பிட்டனுப்பினார். சபாவின் ஆயுள் உறுப்பினர்கள் பாதிப் பேர் மயிலாப்பூர் வீட்டை விற்று அடையாறு ஃபிளாட்டுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். அவர்களுக்காக அடையாறில் ஒரு ஹாலில் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, மயிலாப்பூர் மேடையில் நடப்பதை அங்கே படமும் குரலுமாகக் காட்ட வேண்டும். ஒரு உறுப்பினரின் கம்பெனி லைன் போட்டுக் கொடுத்துவிட்டது. அதை ஓட வைக்க ஆள் இல்லை.

"மஹதி, நீ பாடுவியாமே? இதை ஓட வெச்சுக் குடு. ஞாயித்துக்கிழமை நாலரை மணிக் கச்சேரி ஒனக்கு" என்றார்.

"காசெட் குடுத்திருந்தேனே மாமா, கேட்டேளா?"

"கேட்டுட்டாப் போச்சு."

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சரி என்றுவிட்டேன்.

வேலை கஷ்டமில்லை. அதற்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் வரிசையின் தலைப்பில் நின்று "ரசம் யாருக்கு?" என்று கேட்கிறார். ஒரு கை தூக்கினால் போதும், வாளி அந்த வரிசைக்குள் வந்துவிடும். மற்றவர்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அடையாறு ரவுட்டர்தான் அந்தப் பரிமாறுகிறவர். நிமிஷத்துக்கு ஒருமுறை "யாராவது இருக்கிறீர்களா?" என்று ஹாலில் உள்ள கம்ப்யூட்டர்களைக் கேட்கும். ஏதாவது ஒன்று "இருக்கிறேன்" என்றால் மற்றவை சும்மா இருந்துவிடும், நிகழ்ச்சி தொடர்ந்து வரும். இரண்டு முறை கேட்டும் ஒருவரும் பதில் சொல்லாவிட்டால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடும். எழுந்து போகிறவர் இலையை மடித்துவிட்டுப் போவதுபோல், "போகிறேன்" என்று ஒரு சேதி அனுப்பிவிட்டுப் போகவும் வழி உண்டு. இதில் ரவுட்டருக்கு எண்ணத் தெரியாது. ஒருவர் இருந்தாலும் நூறு பேர் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

மேடைக்குப் பக்கத்து அறையில் ஒரு மானிட்டர் வைத்து, அடையாறில் ஆள் இருக்கிறவரை "அடையாறு: இருக்கிறார்கள்" என்று ஒரு வரி தெரியும்படி செய்தேன். பெருமையாக மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரவுட்டர் கேட்பதும் பதில் வருவதும் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டியதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

மாமாவின் முகம் சுருங்கியது. "இது என்ன, நிமிஷத்துக்கு ஒரு தரம் இருக்கேளா, இருக்கேளான்னு கேக்கறது?"

"அது அப்படித்தான் மாமா."

"நம்ம மெம்பர்ஸ்ல எழுபத்தஞ்சு வயசுக்குக் கீழ ஆள் கிடையாது. அவாளப் பாத்து ஒரு மிஷின் 'இன்னும் இருக்கேளா'ன்னு கேக்கறதா? நன்னா இருக்கா?"

"மிஷின் மிஷினைத்தான் கேக்கறது. மனுஷாளைக் கேக்கலை."

"பதில் சொல்றது யாரு இப்போ? கடைசி வரிசை டப்பாவா? அடையாறு கிளைக்கு நீரஜா மாமி பிரெசிடெண்ட். அவ முன்னாடி ஒக்காந்திண்டிருக்கச்சே பின்னாடி வரிசை எப்படி முந்திண்டு பதில் சொல்லலாம்?"

யார் முதலில் பதில் சொல்வது என்பது அந்தந்த நேரத்து அதிர்ஷ்டம், யாரும் திட்டமிடுவதில்லை என்று விளக்கினேன். பிரெசிடெண்ட், புரவலர், ஆயுள் உறுப்பினர் என்ற வரிசையில் பதில் சொல்ல வைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அப்படியானால் கேட்கிறதையாவது குறை என்றார். பேரம் நடந்தது. நான் ஐந்து நிமிஷம் என்றேன், அவர் நாளைக்கு ஒருமுறை என்றார். கடைசியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று முடிந்தது.

"மாமா, ரெண்டு தரம் கேட்டுப் பதில் வரலைன்னாத்தான் இது நிறுத்தும். எல்லாரும் எழுந்து போனப்பறமும் மூணு மணி நேரம் 'இருக்கிறார்கள்'னே சொல்லிண்டிருக்கும்."

"சொல்லட்டுமே. இருக்கான்னு சொல்றது நல்ல வார்த்தைதானே?"

என் கம்பெனி நண்பன் பிரணவ், அடையாறுக் கம்ப்யூட்டர்களில் பார்ப்பதற்கான புரோகிராமை எழுதியவன், அதில் "வெளியேறு" என்று ஒரு பட்டன் வைத்திருந்தான். அதுதான் இலையை மடிக்கிற பட்டன். மாமா அதையும் பார்த்துவிட்டார். "சுவாமி கதை நடந்திண்டிருக்கச்சே 'போறேன்'னு ஒருத்தர் அழுத்தறதா? நம்மாத்துல யாராவது வாசல்ல நின்னுண்டு அப்படிச் சொல்லுவாளா?" பட்டன் போயிற்று. கிளம்புகிறவர்கள் சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்தால் போதும் என்று முடிவாயிற்று. என் கை, ரவுட்டர் கேட்கிற நேரத்தை வைக்கும் டைமர்களை மாற்றியது. என் வாய் மூடிக்கொண்டிருந்தது. நாலரை மணிக் கச்சேரி கண்ணில் நின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் பட்டாபிராம தீட்சிதரின் உபன்யாசம், அம்பாள் கல்யாணம். நாலரைக்கு நான். ஆறரைக்கு ஒரு பெரிய வித்வான். தீட்சிதர் வம்சத்தில் ஒரு விரதம் உண்டு. கேட்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறவரை கதையைச் சொல்லுகிறவர் தானாக நிறுத்தக் கூடாது. ஹாலில் இது ஒரு பிரச்சினையே இல்லை. நேரமானால் ஜனங்கள் நெளிவார்கள், செருப்பைத் தேடுவார்கள், தீட்சிதர் குறிப்பறிந்து திருமாங்கல்ய தாரணத்தை நடத்தி மங்களம் பாடிவிடுவார்.

நான் நாலு மணிக்கே பட்டுப்புடவையும் பதற்றமுமாக வந்துவிட்டேன். வயலின் வர்ஷினியும் மிருதங்கம் சாய்நாத்தும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலில் எட்டிப் பார்த்தால், முன்வரிசையில் நீரஜா மாமி. அவருக்குப் பின்னால் அடையாறு கிளை மொத்தமும் உட்கார்ந்திருந்தது.

"என்ன மாமி, இங்க வந்துட்டேள்?"

"கம்ப்யூட்டர்ல எல்லாம் வரது, கேன்டீன் அடை மட்டும் வரமாட்டேங்கறதே! மூணு மணிக்கே எல்லாருமா ஆட்டோ பிடிச்சு வந்துட்டோம்" என்றார் மாமி, வாயைத் துடைத்துக்கொண்டு.

நாலரை ஆயிற்று. ஜனங்கள் நெளிந்தார்கள். தீட்சிதர் மேடையிலிருந்து பக்கத்து அறைப் பக்கம் பார்த்தார். அங்கே சுவாமிநாதன் மாமா மானிட்டரைப் பார்த்துவிட்டு, ஒரு சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். "அடையாறில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

தீட்சிதர் தாலியைக் கட்ட வந்த கையை அப்படியே நிறுத்தி, கல்யாணத்துக்கு வந்த ரிஷிகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்.

நான் மாமாவிடம் ஓடினேன். "மாமா, அடையாறு ஜனங்க எல்லாரும் இங்க இருக்கா! முன்வரிசையப் பாருங்கோ!"

அவர் பார்த்தார். நீரஜா மாமியையும் கூப்பிட்டு வந்தேன். மாமி தெளிவாகச் சொன்னார்: "நான் இங்கதான் இருக்கேன்."

"இருக்கேள், இல்லேங்கலை" என்றார் மாமா பொறுமையாக. "ஆனா அடையாறுலயும் இருக்கேளே. போட்டிருக்கு பாருங்கோ."

மாமி மானிட்டரை உற்றுப் பார்த்தார். அவருக்கே லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. "ஃபேனை அணைச்சுட்டு வந்தேனோ இல்லையோ" என்று முணுமுணுத்தபடி போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு கட்டளை தட்டினா அந்த வரியை அழிச்சுடலாம் மாமா. தட்டட்டுமா?"

மாமா காதைப் பொத்திக்கொண்டார். "உயிரோட இருக்கற மெம்பர்ஸ் பேரை நல்ல நாளும் அதுவுமா அழிக்கறதாவது! கையை எடு!"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தொண்டை கெட்டுவிடுமே என்று இரண்டையும் விழுங்கினேன். மேடையில் தீட்சிதர் ரிஷிகளை முடித்துவிட்டுப் பெண் வீட்டுப் புடவைகளின் நிறங்களுக்கு வந்திருந்தார். மனதுக்குள் கணக்குப் போட்டேன். ரவுட்டர் கடைசியாகக் கேட்டுப் பதில் வாங்கியது இரண்டு மணிக்கு. மூன்றரைக்குக் கேட்டபோது ஹால் காலி. ஐந்து மணிக்கு அந்த வரி தானாக அணைந்தே தீரும். அரை மணி நேரம் போனால் போகிறது, ஒரு மணி நேரமாவது பாடலாம். பொறுத்துக்கொள், மஹதி.

ஐந்து அடித்தது. வரி அணையவில்லை. தீட்சிதர் கல்யாணச் சாப்பாட்டில் இருந்தார், பச்சடி மட்டும் நாலு வகை ஆகியிருந்தது. அவர் குரல் கம்மிப்போயிருந்தது. மானிட்டர் பக்கம் அவர் பார்த்த பார்வை, பரீட்சை மணி எப்போது அடிக்கும் என்று பார்க்கிற பிள்ளையின் பார்வை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவருக்கும் காப்பி வேண்டும்.

ரவுட்டர் முட்டாளாக இருக்கலாம், பொய் சொல்லாது. அந்த வரி இன்னும் இருக்கிறதென்றால் மூன்றரை மணிக்கு யாரோ "இருக்கிறேன்" என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆபீஸ் அறைக்குப் போய் அடையாறு ஹாலுக்குப் போன் போட்டேன். வெகுநேரம் மணி அடித்து யாரோ எடுத்தார்கள்.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல், ரகசியம் பேசுவதுபோல்.

"நான் மயிலாப்பூர் சபாலேர்ந்து மஹதி. நீங்க யாரு?"

"ஜானு. ஹால் பெருக்கறவ. மெதுவா பேசுமா, அய்யா பேசிக்கினு கீறாரு."

"அங்க யாராவது இருக்காளா?"

"யாரும் இல்ல. மாமிங்கல்லாம் அப்பவே பூட்டாங்க. பொட்டில்லாம் ஆஃப் பண்ணி பூட்டிட்டுப் போடின்னாங்க. எல்லாத்தையும் பண்ட்டேன். கடைசி பொட்டியாண்ட வந்தா, அய்யா நேரா என் மூஞ்சப் பாத்து பேசினே கீறாரு. பாதில எப்டிமா மூஞ்சில அடிச்ச மாறி ஆஃப் பண்றது? பெரிய மனுசன். சரி, முடிக்கட்டும்னு குந்திக்கினேன்."

"அப்போ நீங்க கேட்டுண்டிருக்கேளா?"

"கேட்டுக்கினுதான் கீறேன். இன்னாமா அது, நாலரை மணியிலேந்து தாலிய கையில வெச்சிக்கினு கீறாங்க, கட்டவே மாட்றாங்க? வூட்டுக்குப் போயி உலை வெக்கணும். என் வூட்டுக்காரு வந்துருவாரு. அவரு எப்பதான் முடிப்பாராம்?"

ஜானு கேட்கிறாள் என்று அவர் நிறுத்தவில்லை. அவர் நிறுத்தவில்லை என்று ஜானு எழுந்திருக்கவில்லை. ஒருவருக்கொருவர் மரியாதை செய்து இரண்டு பேரும் பட்டினி கிடக்கிறார்கள், நடுவில் என் கச்சேரி போய்க்கொண்டிருக்கிறது.

"அவர் முடிச்சா நீங்க எழுந்து போயிடுவேளா?"

"போய்க்கினே இருப்பேன்."

நேரே மேடை ஏறினேன். பாதிக் கதையில் மேடை ஏறியவள் அந்தச் சபா சரித்திரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சுவாமிநாதன் மாமா சிலேட்டை என்னை நோக்கி ஆட்டினார். தீட்சிதரின் காதில் சொன்னேன்: "மாமா, அடையாறுல ஒரே ஒரு அம்மாதான் கேட்டுண்டிருக்கா. ஜானுன்னு பேர். தாலி எப்போ கட்டுவேள்னு கேக்கறா. ஆத்துக்குப் போய் உலை வெக்கணுமாம்."

தீட்சிதரின் முகத்தில் வந்த நிம்மதியை நான் இன்றுவரை எந்த முகத்திலும் பார்த்ததில்லை. "இதை முன்னாடியே சொல்லப்படாதா, குழந்தே!" என்றார் மைக்கிலேயே. பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு, கெட்டிமேளம் கொட்டி, தாலி கட்டி, மங்களம் பாடி, மேடையை விட்டு இறங்கியதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். நான் சுருதிப் பெட்டியைத் திருப்பிவிட்டுத் தலை நிமிர்ந்தபோது ஹாலில் நாற்காலிகள்தான் இருந்தன. மூன்று மணி நேரத்துக்கு மேல் கல்யாணக் கதை கேட்ட ஜனம் அடித்துப் பிடித்துக்கொண்டு கேன்டீனுக்கு ஓடிவிட்டது. நீரஜா மாமிதான் முதலில் ஓடினார். கடைசி வரிசையில் ஒருவர் இருந்தார், தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த மேடை. வர்ஷினி என்னைப் பார்த்தாள், "ஆரம்பிடி" என்றாள். வர்ணத்தைப் பாடினேன். ஏதோ பாடினேன். பக்கத்து அறை மானிட்டர் கண்ணில் பட்டது. "அடையாறு: இருக்கிறார்கள்." ஐந்து மணிக்கு ஜானு உட்கார்ந்திருந்தபோது வாங்கிய பதில் அது. எட்டு மணி வரை அணையாது. இந்நேரம் ஜானு உலை வைத்துக்கொண்டிருப்பாள் என்பது அந்தக் கட்டடத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

தெரிந்தும் அந்த வரியைப் பார்த்தே பாடினேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு வீம்பு வந்தது. காம்போதி ராகத்தை எடுத்தேன். அவசரப்படவில்லை. யாரும் இல்லாத அடையாறுக்கு, நாற்காலி நாற்காலியாக, ஒன்றுவிடாமல் பாடினேன். என் குரல் அன்றைக்குப் போன இடத்துக்கு அதற்கு முன் போனதே இல்லை. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஆறேகாலுக்குச் சுவாமிநாதன் மாமா கையைக் காட்டினார், முடி என்று. நான் மானிட்டரைக் காட்டினேன்.

அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். "மஹதி, வித்வான் வந்து ஒக்காந்திண்டிருக்கார்."

"அடையாறுல கேட்டுண்டிருக்கா மாமா. போட்டிருக்கு பாருங்கோ" என்றேன். "எப்படி நிறுத்தறது?"

மாமா திரும்பிப் பார்த்தார். போட்டுத்தான் இருந்தது. திரும்பிப் போய், வித்வானுக்கு இரண்டாவது காப்பி சொல்லிவிட்டு, சிலேட்டைத் தூக்கி அவருக்கும் காட்டினார். கேன்டீனிலிருந்து திரும்பிய கூட்டம் வித்வானுக்காக வந்து உட்கார்ந்தது, வேறு வழியில்லாமல் என்னைக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தலைகள் ஆடத் தொடங்கின. நான் ஏழு மணிக்கு மங்களம் பாடினேன். கை தட்டினார்கள், நிறையவே தட்டினார்கள். எனக்குத்தான் திருட்டுப் பால் குடித்த பூனை மாதிரி இருந்தது. இல்லாத ஆளைக் காட்டி வாங்கிய நேரம்.

திங்கட்கிழமை காலை அடையாறு ஹாலுக்குப் போனேன், டைமரைப் பழையபடி நிமிஷத்துக்கு ஒருமுறை என்று மாற்றிவிட. மாமா கேட்டால் கேட்கட்டும். வாசலில் துடைப்பத்தோடு ஒல்லியாக ஒரு பெண்மணி நின்றாள்.

"நீதான் மஹதியா?" என்றாள். முகம் கடுகடுவென்றிருந்தது. "இன்னாமா நீ! அவரு முடிச்சாரேன்னு எழுந்தா, நீ வந்து குந்திக்கினே. சின்னப் பொண்ணு, மொத மொத பாடுது, பாதில ஆஃப் பண்ணா மனசு வெறுத்துப்பூடும்னு நானும் குந்தினேன். முடிக்கவே மாட்டேன்றே? ஏழு மணி வரைக்கும் உசிரக் குட்த்து பாட்ற. நானு பொட்டியப் பாக்கறேன், கடியாரத்தப் பாக்கறேன். என் வூட்டுக்காரு பட்டினி, தெரியுமா?"

கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. ஹாலில் தலைகள் ஆடியது பிறகு, ஆள் வந்த பிறகு. அந்தக் காலி நாற்காலிகளுக்குப் பாடிய காம்போதியை ஒருத்தி முழுசாகக் கேட்டிருக்கிறாள், உலையை விட்டுவிட்டு. ஏன் அழுகிறாய் என்று ஜானு பயந்துபோனாள்.

"நல்லாத்தான்மா பாடுன. அதுக்கு ஏன் அயற? கொஞ்சம் சுருக்கா முடி, அவ்ளோதான்" என்றாள்.

பூனாவுக்கு முடியாது என்று அன்றைக்கே கம்பெனியில் சொல்லிவிட்டேன். அம்மா ஸ்வெட்டருக்குக் கை பின்னாமல் அப்படியே முடித்துத் தலையணை உறையாக்கினாள். பிரணவிடம் அந்த எழுந்து போகிற பட்டனைத் திரும்ப வைக்கச் சொன்னேன், வேறு பெயரில். சுவாமிநாதன் மாமா மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். குற்றம் சொல்ல அதில் ஒன்றும் அகப்படவில்லை. "உலை வைக்கணும்" என்றிருந்தது.

அடுத்த வாரம் தீட்சிதர் சொல்லியனுப்பினார், மேடையில் தன் பக்கமும் அப்படி ஒரு பட்டன் வைத்துத் தர முடியுமா என்று.